ரஜூலாவோடு ஓடிய ரோனா

நாகையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்த ரஜூலா கப்பலில் பயணம் செய்தவர்கள் இங்கே தங்கள் நினைவுகளை எழுதுவதைப் படிக்கப் படிக்க எனக்கும் எழுதணும் போலிருக்கிறது. அறுபதுகளின் கடைசியில் அம்மாவோடு நானும் அதில்தான் பினாங்கு போனேன். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், அலை தூக்கிவிடும் நேரம் பார்த்து ஏணியில் கால் வைக்க வேண்டும். அம்மா என் கையை விடவே இல்லை. டெக்கில் பாயை விரித்து டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துவிட்டால் அதுதான் வீடு.

எங்கள் தாத்தா மட்டும் எப்போதும் ரோனா என்ற இன்னொரு கப்பலைப் பற்றித்தான் சொல்வார். இரண்டாம் உலகப் போருக்கு முன் அவர் மலாயா போனது அதில். ரஜூலா, ரோனா இரண்டுமே பிரிட்டிஷ் இந்தியா (பி.ஐ.) என்ற கப்பல் கம்பெனியின் 1926ஆம் வருட ஜோடிக் கப்பல்கள். மெட்ராஸ், நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஒரே தடம். 1940இல் ரோனாவைப் போருக்குப் படை ஏற்ற பிரிட்டிஷ் அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

1943 நவம்பரில் அல்ஜீரியாவின் ஓரானில் ஏறக்குறைய 2,000 அமெரிக்க வீரர்களை ஏற்றிக்கொண்டு, சூயஸ் வழியாக இந்தியாவுக்குக் கிளம்பியது. 26ஆம் தேதி மாலை ஜெர்மன் ஹெய்ன்கல் விமானம் ஒன்று ஹென்ஷெல் 293 குண்டை ஏவியது. போட்டதும் விழுகிற குண்டு இல்லை அது. விமானத்தில் இருந்தபடியே ரேடியோவால் திருப்பி, குறிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கப்பலின் பக்கத்தைப் பிளந்துவிட்டது. 22 படகுகளில் 8தான் கடலில் இறங்கின. இருட்டு, குளிர், பேரலை. பயனியர் என்ற, கடல் கண்ணிவெடி அகற்றும் அமெரிக்கக் கப்பல் ஒன்றே 606 பேரைத் தூக்கிக் காப்பாற்றியது. அமெரிக்க வீரர்கள் 1,015 பேர் போய்விட்டார்கள். முழு விவரத்தையும் அவர்கள் அரசாங்கம் பல வருஷம் வெளியே விடவில்லை.

என் மனசை அறுப்பது வேறு. அதே இரவில் கப்பலின் சிப்பந்திகளிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். படகுகள் இறங்காததற்குப் பழியை அவர்கள் தலையில் கட்டியும் எழுதியிருக்கிறார்கள். வெடிப்பில் நொறுங்கிய படகை யார் இறக்க முடியும்? இறந்த வீரர்களின் பிள்ளைகள் அமெரிக்காவில் ஒன்றுகூடி நினைவுகூருகிறார்கள், நல்லது. லஸ்கர்களின் வீட்டுக்கு என்ன சேதி போனது, யார் கொண்டுபோனார்கள்?

இங்கே யாருடைய தாத்தாவாவது, பெரியப்பாவாவது பி.ஐ. கம்பெனிக் கப்பலில் வேலை பார்த்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அந்தக்காலக் கடிதமோ கப்பல் சான்றிதழோ பெட்டிக்கு அடியில் கிடந்தால் கறையான் அரிக்கும் முன் படம் எடுத்துப் போடுங்கள்.