வீட்டிலிருந்து வேலை: ஐந்தாண்டுப் பழக்கத்தை எந்த அடிப்படையில் தொடரக் கேட்பது?

வினா (கும்பகோணம் அருகே ஒரு கிராமத்திலிருந்து)

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, இரண்டு வாரத்துக்கான துணிகளுடனும் அலுவலக மடிக்கணினியுடனும் சோழிங்கநல்லூரிலிருந்து ஊருக்கு வந்தேன். பிறகு சென்னையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இங்கேயே ஃபைபர் இணைப்பும் இன்வெர்ட்டரும் அமைத்துக்கொண்டு, ஐந்தாண்டுகளுக்கும் மேலாக மென்பொருள் சோதனைப் பணியைச் செய்து வருகிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் கும்பகோணத்தில் உள்ள உறவினர் வீட்டில் அமர்ந்து வேலை பார்ப்பது வரை எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு ஏற்பட்டுவிட்டது. இதற்கிடையில் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானதால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களும் அதிகாலையில் அவரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பும் என்னுடையதாயிற்று.

அடுத்த மாதத்திலிருந்து வாரந்தோறும் மூன்று நாள் அலுவலகம் வரவேண்டும் என்று இப்போது கடிதம் வந்திருக்கிறது. என் வேலையில் குறை இருப்பதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. இத்தனை ஆண்டுகள் அனுமதித்ததே ஓர் உரிமையாகிவிடாதா? இல்லையென்றால், எதைச் சொல்லி இதைத் தொடரக் கேட்பது?

மறுமொழி 1 (மனிதவளத் துறையில் பல ஆண்டுகள் இருந்தவர்)

நண்பரே, தங்கள் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் உரிமை என்ற சொல்லை நம்பி இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். பணி நியமனக் கடிதத்தில் பணியிடம் சென்னை என்று எழுதியிருந்து, அதை மாற்றி வேறொரு கடிதம் தரப்படவில்லை என்றால், நடுவில் நடந்ததைச் சலுகை என்றுதான் நிறுவனம் கருதும்.

அரசு தந்த அனுமதியும் அப்படித்தான் துண்டு துண்டாக வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள பல வளாகங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலங்களாகும். வேலை அந்த எல்லைக்குள் நடக்க வேண்டும் என்பதே அங்குள்ள சலுகைகளுக்கு அடிப்படை. பெருந்தொற்றில் தற்காலிகத் தளர்வுகளால்தான் காலம் ஓடியது. 2022 ஜூலையில்தான் இந்த மண்டலங்களுக்கான விதிகளில் 43ஏ என்ற விதி சேர்க்கப்பட்டு, ஊழியர்களில் பாதிப் பேர் வரை ஓராண்டுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றானது. அதே டிசம்பரில் அது அனைவருக்கும் விரிக்கப்பட்டது. விதியே கெடு வைத்துப் பேசும்போது, நிறுவனங்களின் கடிதங்களில் ‘மறு அறிவிப்பு வரும் வரை’ என்ற சொற்றொடர் இடம்பெற்றதில் வியப்பில்லை. வாய்மொழியாகவும் அறிவிப்பாகவும் சொல்லப்பட்டவை எவ்வளவு விரைவில் மாறக்கூடும் என்பதற்கு டி.சி.எஸ். நிறுவனமே சான்று. 2025க்குள் எந்நேரத்திலும் கால்பங்கு ஊழியருக்கு மேல் அலுவலகத்தில் இருக்கத் தேவையிராது என்று 2020இல் அறிவித்த அந்நிறுவனம், 2023 அக்டோபரிலிருந்து வாரந்தோறும் ஐந்து நாளும் வரச் சொன்னது.

2017ஆம் ஆண்டின் மகப்பேறு உதவித் திருத்தச் சட்டத்தில் வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி வெளிப்படையான ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. மகப்பேறு விடுப்பு முடிந்தவர்களுக்கான அந்தப் பிரிவில்கூட, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் என்ற நிபந்தனைதான் இருந்தது. ஆகவே தாங்கள் கேட்க வேண்டியது உடன்பாடு; அதுவும் எழுத்தில்.

மறுமொழி 2 (மென்பொருள் குழுத் தலைவர்)

நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். ஊழியர் கண்ணெதிரே இருந்தால்தான் வேலை நடக்கும் என்ற எண்ணம் 2020க்கு முன் எனக்கும் இருந்தது. ஊரடங்கு அதைத் தகர்த்துவிட்டது; என் குழுவில் ஒரு வெளியீடுகூடத் தள்ளிப்போகவில்லை. இருந்தும் அந்த ஈராண்டில் நான் இழந்த ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021இல் கல்லூரி முடித்து நேராகச் சேர்ந்த மூவர், தங்கள் குழுவினரின் முகத்தைத் திரையில் மட்டுமே கண்டனர். பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி அரை நிமிடத்தில் கேட்டுவிடக்கூடிய ஐயத்தைச் செய்தியாக எழுதி அனுப்பத் தயங்கி, நாள் முழுவதும் தனியே போராடினர். மூத்தவர் ஒருவர் பிழையைத் தேடும்போது எங்கே முதலில் பார்க்கிறார், எதை ஒதுக்குகிறார் என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தே நான் கற்றேன். அவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவர் பத்து மாதத்தில் விலகினார். அதைத் தவறவிட்ட வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதனால், உங்கள் அனுபவமுள்ள ஒருவரை மேலாளர்கள் அழைப்பது பெரும்பாலும் உங்கள் வேலையைக் கண்காணிக்க அல்ல; புதியவர்களுக்கு அருகில் நீங்கள் தேவைப்படுகிறீர்கள் என்பதற்காக. உங்கள் கோரிக்கை இதற்கு விடை சொல்ல வேண்டும். ‘எனக்கு வசதி’ என்பதோடு நின்றால் அது மறுக்கப்படும்.

உங்களுக்கு உதவக்கூடிய ஆய்வு ஒன்று உண்டு. பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் சீனாவின் டிரிப்.காம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைக் கொண்டு நடத்திய அந்த ஆய்வு 2024இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியானது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ எந்தக் குறையும் காணப்படவில்லை. வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். ஆனால் அதே நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் 2010இல் தொடங்கிய முந்தைய ஆய்வில், நான்கு நாள் வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை செய்தும், அந்தத் திறனுக்கு ஏற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முழுக்கத் தொலைவில் இருப்பவர் நினைவிலிருந்து நழுவிவிடுகிறார் என்பதை நானும் மதிப்பீட்டுக் கூட்டங்களில் கண்டிருக்கிறேன்.

மறுமொழி 3 (திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பியவர்)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உடன்பாட்டில் நாட்களோடு நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பேருந்துப் பயணத்தில் மிச்சமான இரண்டு மணி நேரம் எனக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன்; அது இரவு பத்தரை மணி அழைப்புகளுக்குப் போயிற்று. வீட்டில்தானே இருக்கிறாய் என்ற எண்ணம் அலுவலகத்துக்கும் இருந்தது, என் மாமியாருக்கும் இருந்தது.

மேலும், சொந்த வீட்டில் வாடகையின்றி இருந்த ஆண்டுகளில் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கோர முடியாது. சென்னையில் அறை எடுத்தால், பழைய வரிமுறையில் இருப்பவராயின், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வினா எழுப்பியவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுத் தலைவர் எழுதியதைப் படித்தபோது, சேர்ந்த புதிதில் எனக்கு அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அக்காவை நினைத்துக்கொண்டேன். கடந்த ஐந்தாண்டுகளில் நான் எவருக்கும் அப்படி உட்கார்ந்ததில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அலுவலகத்தில் இருந்து, இரண்டு புதியவர்களுக்குச் சோதனைப் பணியை நேரில் பயிற்றுவிப்பதாகவும், மற்ற மூன்று நாளும் ஊரிலிருந்து செய்வதாகவும், டயாலிசிஸ் நாட்களைக் குறிப்பிட்டு, ஆறு மாதத்துக்கு எழுத்துவழி உடன்பாடு கேட்கப் போகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் அழைப்பு கூடாது என்பதையும் சேர்த்துவிட்டேன். திங்கள் இரவு உழவன் விரைவு வண்டியில் ஏறினால், செவ்வாய் விடியுமுன் தாம்பரத்தில் இறங்கிவிடலாம். புதன் இரவு திரும்பினால், வியாழன் காலை அப்பாவோடு மருத்துவமனைக்குப் போக முடியும். வாரத்தில் செவ்வாய் இரவு மட்டும் தங்குவதற்கு, மேடவாக்கம் பக்கம் மாத வாடகையில்லாமல் நாள் கணக்கில் இடம் தரும் விடுதி எதையாவது அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.