தோட்டத் துண்டாடல் பற்றிய ஆய்வுகளைத் தமிழில் தேடவும் கேட்கவும் வழி உண்டா?

பத்தாங் வாசகர்:
வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், கோயில் மண்டபத்தில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் பெரும்பாலோர் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர்கள். 1950களில் பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டதை, அதாவது சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்கப்பட்டதைச் சிறுவயதில் கண்டவர்களும் அவர்களில் உண்டு. அதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று கேட்கிறார்கள். ஆனால் தமிழில் தேடினால் ஆய்வு எதுவும் அகப்படுவதில்லை. பலருக்குப் பார்வை மங்கிவிட்டதால் கைப்பேசியே வாசித்துக் காட்டினால் நன்றாக இருக்கும். தமிழிலுள்ள ஒரு பழைய பிடிஎஃப்பை வாசிக்கச் சொன்னால், அது ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரிக்கிறது. என்ன செய்யலாம்?

ஏட்டுச்சுவடி:
ஐயா, ஆய்விதழ்கள் பெரும்பாலும் தலைப்பையும் சுருக்கத்தையும் திறவுச்சொற்களையும் ஆங்கிலத்தில்தான் பதிகின்றன. நம் நாட்டு இதழ்கள் பலவற்றில் மலாயும் சேர்ந்திருக்கும். ஆகவே, கட்டுரை முழுக்க நம் தோட்டங்களைப் பற்றியதாக இருந்தாலும், தமிழ்ச் சொல்லுக்கு அது அகப்படாது. துண்டாடலை ஆங்கிலத்தில் ‘சப்டிவிஷன்’ என்றும் ‘பிராக்மென்டேஷன்’ என்றும் எழுதுகிறார்கள், இரண்டையும் தேடுங்கள். 1951 முதல் 1960 வரை நடந்தவற்றைப் பற்றி மலேசியப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் எழுதிய ஆய்வின் தலைப்பில் இருப்பது ‘சப்டிவிஷன்’ என்ற சொல். ஊர்ப் பெயரையும் இரு வகையாகத் தேட வேண்டும், ஏனெனில் பெயர் மாறியது 2007இல்தான். அதற்கு முந்தைய கட்டுரைகளில் பெஸ்தாரி ஜெயா என்ற பெயரே இருக்காது. கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழ்களுக்கு டிஓஏஜே (DOAJ) என்ற இணையப் பட்டியலையும், மொழிவாரியாக வடிகட்டித் தேட 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் (OpenAlex) என்ற ஆய்வுத் தேடுதளத்தையும் பயன்படுத்தலாம்.

எழுத்துருக்காரன்:
அந்தப் பிடிஎஃப், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அச்சானதாக இருக்க வேண்டும். அவ்வகைக் கோப்புகளில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே பதிவாகியிருப்பதோ ரோமன் எழுத்துகளும் குறிகளும். வாசிக்கும் குரல் அவற்றையே உச்சரிக்கிறது. தேடுபொறியும் அவற்றையே பார்ப்பதால், நல்ல தமிழ்க் கட்டுரைகள் பல இணையத்தில் இருந்தும் இல்லாதவையாகிவிட்டன. எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். பக்கங்கள் வெறும் படங்களாக இருந்தால், கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். பிழைகளை ஒருவர் திருத்தத்தான் வேண்டும். பிறகு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) போன்ற திரைவாசிப்பு மென்பொருள்கள் வாசிக்கும். அடிக்குறிப்புகளையும் அட்டவணைகளையும் முன்பே நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் வாக்கியத்தின் நடுவே ஏக்கர் கணக்கு வந்து விழும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் மொழிபெயர்த்து, அதையும் இயந்திரக் குரலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் மண்டபத்தில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள் என்பது என் எண்ணம். கட்டுரையைப் படித்த ஒருவர், அதன் கேள்வி, சான்று, முடிவு ஆகியவற்றைப் பத்து நிமிட அளவில் தம் சொந்தத் தமிழில் எழுதி, தம் குரலிலேயே பதிவு செய்வது மேல். துண்டாடலைச் சொல்லும்போது, அதற்கு எதிராக தொழிலாளர்களின் பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தையும் சேர்த்துச் சொன்னால், பங்குப் பணம் கட்டியவர்கள் தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள். முழு மொழிபெயர்ப்பை வெளியிடுவதானால் உரிமத்தைப் பாருங்கள், தம்பி: படைப்பைப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமாக இருந்தாலும், வழிப்படைப்புக்கு, அதாவது மூலத்தை மாற்றி ஆக்குவதற்கு, தடை என்று குறித்திருந்தால் மொழிபெயர்ப்பைப் பொதுவில் பகிர முடியாது.

பத்தாங் வாசகர்:
நன்றி, அம்மா. சுருக்கவுரையிலிருந்தே தொடங்குகிறோம். ஒலிப்பதிவை இணையத்தில் ஏற்றினால் மற்றத் தோட்டத்து மக்களுக்கும் கிடைக்குமா?

ஏட்டுச்சுவடி:
‘பதிவு 1’ என்று பெயரிட்டு ஏற்றினால் கிடைக்காது. தமிழ்த் தலைப்பு, மூலக் கட்டுரையின் ஆங்கிலத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, ஊரின் இரு பெயர்கள், கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் டிஓஐ (DOI) எண் இருந்தால் அது, இவற்றோடு நீங்கள் எழுதிய சுருக்கவுரையையும் யூனிகோடுத் தமிழில் ஒலிக்கோப்பின் கீழே அப்படியே இடுங்கள். தேடுபொறிக்கு அகப்படுவது அந்த எழுத்துதான்.