கடற்கரைக் கடை ஃப்ரைஸ்: ஒருமுறை பொரிப்பதா, இருமுறையா?

அலைகடல்:
மூன்று ஞாயிற்றுக்கிழமை போச்சு, மூன்றும் சொதப்பல். அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் மரப்பலகை நடைபாதை ஓரமாக விற்பார்களே, விரல் தடிமனுக்கு வெட்டி, கடலை எண்ணெயில் பொரித்து, உப்பும் வினிகரும் தெளித்த உருளைக்கிழங்கு ஃப்ரைஸ், அது வீட்டில் வர வேண்டும். மேரிலாந்து ஓஷன் சிட்டியில் 1929 முதல் இருக்கும் த்ராஷர்ஸ் கடையில் கெச்சப் கேட்டால் கிடையாது, வினிகர்தான். அந்த ரகம்.

எனக்கு வருவது வேறு ரகம். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போடுகிறேன், நான்கே நிமிடத்தில் பொன்னிறம் தாண்டி விடுகிறது, எடுக்கிறேன். அப்போது மொறுமொறு. தட்டுக்கு வந்து ஐந்து நிமிடம் ஆனதும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் மறுமுனை தலைகுனிந்து தொங்குகிறது. எங்கே தப்பு?

கரண்டிமன்னன்:
ஒரே தடவை பொரித்ததுதான் தப்பு. உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அது நான்கு நிமிடத்தில் எங்கே போகும்? உள்ளேயே இருந்து, எடுத்த பிறகு மெல்ல வெளியே கசிந்து மேற்புறத்தை நமுக்க வைக்கும்.

முதல் தடவை 160 டிகிரி செல்சியஸில் ஐந்தாறு நிமிடம். நிறமே வரக் கூடாது, வெந்தால் போதும். எடுத்துப் பரப்பி அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். மேற்பரப்பில் உள்ள மாவுச்சத்து சூட்டில் உப்பிக் கூழாகி, ஆறும்போது இறுகி, மேலே ஒரு படலமாக நிற்கும். இரண்டாம் தடவை 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் போட்டால் அந்தப் படலம் காய்ந்து ஓடாகிவிடும். தட்டில் கொட்டும்போது கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, இன்னும் அரை நிமிடம் விடுங்கள்.

புகைச்சல்:
மன்னன் சொல்வது கடைக்காரருக்குச் சரி. காலையில் மொத்தமாக ஒரு தடவை பொரித்து வைத்துவிட்டால், ஆள் வந்து நின்றதும் இரண்டு நிமிடத்தில் சுடச்சுடக் கொடுக்கலாம். வீட்டில் நான்கு பேர்தானே, என்ன வரிசையா நிற்கிறார்கள்?

வெட்டிய கிழங்கைக் கனமான பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த எண்ணெயை ஊற்றி, அப்புறம் அடுப்பை ஏற்றுங்கள். பிரெஞ்சு சமையல்காரர் ஜோயல் ரொபுஷோன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் முறை இது. எண்ணெய் சூடேறச் சூடேற உள்ளே வேகும், கடைசியில் வெளியே முறுகும். மொத்தம் இருபது இருபத்தைந்து நிமிடம். முதல் பதினைந்து நிமிடம் கரண்டியைக் கிட்டே கொண்டு போகாதீர்கள், கிழங்கு மெத்தென்று இருக்கும், உடைந்துவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம், நடுவில் பொங்கி எழும்.

கரண்டிமன்னன்:
குளிர்ந்த எண்ணெயில் ஊறப் போட்டால் கிழங்கு பஞ்சு மாதிரி எண்ணெய் குடிக்காதா? எண்ணெய் காயாமல் எதையும் போடாதே என்றுதானே நமக்கெல்லாம் சொல்லி வளர்த்தார்கள்!

புகைச்சல்:
எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். பொரியும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், எண்ணெய் அவ்வளவு சுலபமாக உள்ளே போக முடியாது. குடிப்பது பெரும்பாலும் வெளியே எடுத்த பிறகுதான். ஆறும்போது நீராவி தண்ணீராகச் சுருங்கும், உள்ளே அழுத்தம் குறையும், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படும். எனக்கு ஒரு தடவை ஆறுகிறது. உங்களுக்கு இரண்டு தடவை. கணக்கை நீங்களே போடுங்கள்.

கரண்டிமன்னன்:
அதற்குத்தான் எடுத்த கையோடு காகிதத்தில் ஒற்றி எடுப்பது. சரி, ஆறும்போது குடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் ஈட்டுக்கு என்ன செய்வீர்கள்? கொதிக்கும் எண்ணெய் குளிர ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்களா?

அப்புறம் கேள்வி வெறும் ஃப்ரைஸ் பற்றியது இல்லை, வினிகர் ஊற்றும் ஃப்ரைஸ் பற்றியது. வினிகர் என்றால் பெரும்பங்கு தண்ணீர்தான். மெல்லிய ஓட்டில் அதைத் தெளித்தால் என்ன ஆகும்?

சோம்பேறி_சமையல்:
ஏர்ஃப்ரையர் என்று ஒன்று இருக்கிறதே?

கரண்டிமன்னன்:
இருக்கிறது. அதில் வருவது நல்ல பண்டம்தான், இந்தப் பண்டம் இல்லை.

உப்புமூட்டை:
இருவரும் எண்ணெயிலேயே நிற்கிறீர்கள். கேட்டவர் எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது: "நான்கே நிமிடத்தில் பொன்னிறம் தாண்டி விடுகிறது." அந்தத் தடிமனுக்கு அவ்வளவு சீக்கிரம் சிவக்கக் கூடாது. அலைகடல், கிழங்கை எங்கே வைத்திருந்தீர்கள்? என்ன ரகம்?

அலைகடல்:
ஃப்ரிட்ஜில்தான், ஒரு வாரம் இருக்கும். ரகம் தெரியாது. சிவப்புத் தோல், சின்னதாக, பளபளவென்று இருந்தது. அழகாக இருக்கிறதே என்று வாங்கினேன்.

உப்புமூட்டை:
அகப்பட்டுவிட்டது. ஃப்ரிட்ஜ் குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கும். சர்க்கரை கூடினால் எண்ணெயில் பட்டதும் சிவக்கும். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுத்துவிட்டீர்கள், உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. நிறம் உங்களை ஏமாற்றியிருக்கிறது. இந்தக் கிழங்கை இரண்டு தடவை பொரித்திருந்தால் கருகியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் சுவைக்கு அப்பால் ஒரு விஷயமும் உண்டு. மாவுச்சத்துள்ள உணவு அதிகச் சூட்டில் சிவக்கும்போது, புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று கருதப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது என்று சுவீடனில் 2002இல் அறிவித்தார்கள். சர்க்கரை ஏறிய கிழங்கில் அது இன்னும் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் இதைக் குறைக்கத் தனி விதியே இருக்கிறது. இளம்பொன் நிறத்தோடு நிறுத்துவது எல்லாவிதத்திலும் நல்லது.

ரகமும் முக்கியம். சிவப்புத் தோல் கிழங்குகள் பெரும்பாலும் மெழுகுத்தன்மை கொண்டவை, மாவு குறைவு, ஈரம் அதிகம். குழம்பில் உடையாமல் நிற்கும், ஃப்ரைஸுக்கு ஒத்துவராது. ரசெட் மாதிரி நீளமான, சொரசொரப்பான பழுப்புத் தோல் உள்ள மாவுக்கிழங்கு வாங்கி, இருட்டான இடத்தில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே வையுங்கள். வெட்டியதும் தண்ணீர் தெளியும் வரை அலசி, அரை மணி நேரம் ஊறப் போட்டு, துணியில் விரித்து ஒற்றி எடுங்கள். மேலே ஒட்டிய மாவும் சர்க்கரையும் கொஞ்சம் போகும். துணி நனைந்துவிட்டால் இன்னொரு துணி. இந்த இடத்தில் சோம்பல் பட்டால் எந்த முறையும் காப்பாற்றாது.

புகைச்சல்:
கிழங்கு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். எண்ணெயில் ஒன்று சேர்க்கிறேன்: சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 டிகிரி வரை தாங்கும். செக்கில் ஆட்டியது மணமாக இருந்தாலும் 160 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கிவிடும். என் பெயர்க் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

உப்புமூட்டை:
வினிகர்க் கேள்விக்கு ஒரு வழி: பொரிக்கும் முன் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் வேக வையுங்கள். கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் சீக்கிரம் கரையாது. உள்ளே நன்றாக வெந்தாலும் உருக்குலையாமல் நிற்கும்.

கரண்டிமன்னன்:
பிரிட்டிஷ் சமையல்காரர் ஹெஸ்டன் புளூமெந்தால் நேர் எதிராக அல்லவா செய்கிறார்? உடையும் பதத்துக்கு வேகவைத்து, மேலே வெடிப்பு விட வைத்து, ஆற வைத்து, 130இல் ஒரு தடவை, 180இல் ஒரு தடவை. அந்த வெடிப்புகள்தான் கண்ணாடி மாதிரி முறுகும்.

உப்புமூட்டை:
அவருடையது பிரிட்டன் பாணித் தடித்த சிப்ஸ், அதாவது இதைவிடப் பருமனான ஃப்ரைஸ். விரல் தடிமனில் அப்படி வேகவைத்தால் பாதி தண்ணீரோடு போய்விடும்.

அலைகடல்:
இன்று செய்து பார்த்தேன். பழுப்புத் தோல் கிழங்கு, இரண்டு கிலோ, தோலோடு வெட்டினேன். பாதி மன்னன் வழி, பாதி புகைச்சல் வழி. இரண்டுக்கும் ஒரே எண்ணெய், ஒரே உப்பு. வேகவைக்கும் வேலையை விட்டுவிட்டேன்.

வினிகர் இல்லாமல் தின்றபோது வீட்டில் எல்லாரும் கைநீட்டியது குளிர் எண்ணெய்த் தட்டைத்தான். கிழங்கின் ருசி அதில் தூக்கலாக இருந்தது, கையிலும் எண்ணெய் குறைவு. ஆப்பிள் சைடர் வினிகர் தெளித்த பிறகு கதை மாறியது. குளிர் எண்ணெயில் பொரித்தது ஏழெட்டு நிமிடத்தில் துவண்டது. இரண்டு தடவை பொரித்தது கால் மணி நேரம் கழித்தும் கடித்தால் சத்தம் வந்தது. உப்பை முதலில் போட்டால் உதிர்ந்துவிடுகிறது, வினிகருக்குப் பிறகு போட்டால் ஒட்டிக்கொள்கிறது. இதை யாரும் சொல்லவில்லையே?

புகைச்சல்:
வினிகரைக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கரண்டிமன்னன்:
தொட்டுக்கொண்டால் அது கடற்கரை ஃப்ரைஸ் இல்லை. கடையில் ஃப்ரைஸ் போட்டுத் தரும் வாளியின் அடியில் வினிகர் ஊறிக் கிடக்கும் கடைசி நாலு துண்டுக்காகத்தானே வாங்குவதே.

புகைச்சல்:
ஊறிக் கிடப்பதற்குத்தான் ஒரு மணி நேரம் மொறுமொறுப்பாக்கினீர்களா?

அலைகடல்:
நீங்கள் பேசிக்கொண்டிருங்கள். அடுத்த ஈடு எண்ணெயில் கிடக்கிறது, போய்ப் பார்க்கிறேன்.