அம்மம்மாவின் கண் இரண்டும் கறுப்புக் குழியாக விழுகிறது, ஃபிளாஷ் வாங்கட்டுமா?

வெள்ளவத்தைப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஊடகக் கற்கை இரண்டாம் வருடம். வீட்டில் இருக்கும் ஒருவரைப் பத்துப் படங்களில் காட்ட வேண்டும், மூன்று கிழமை இருக்கிறது. ஆள் அம்மம்மா. கெமரா பெரியம்மாவின் மகன் தந்த பழைய கெனன், அதோடு வந்த 18–55 லென்ஸ்.

பன்னிரண்டரைக்கு மொட்டைமாடியில் அவர் மோர்மிளகாய் காயப்போடும்போது எடுத்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல். சரி, உள்ளே எடுப்போம் என்று குசினியில் ரியூப் லைட்டைப் போட்டு, கை நடுங்குமே என்று ஷட்டர் வேகத்தை 1/250 செக்கனில் வைத்தேன். படத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு. ஆளை நடுவில் வைக்காமல் படத்தின் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வை என்கிற விதிப்படி அவரை ஓரத்தில் வைத்தால், யாரோ பஸ்ஸில் இருந்து தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறார். ஃபிளாஷ் வாங்கக் கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறேன். வாங்கட்டுமா?

கொட்டாஞ்சேனைக் கெமராக்காரன்:
தங்கச்சி, காசைப் பத்திரமாக வையுங்கள். பத்தொன்பது வருடமாகக் கலியாண வீடு எடுக்கிறேன். கெமராவின் தலையில் ஃபிளாஷை வைத்து நேரே அடித்தால் குழி போகும், முகமும் அப்பளம் மாதிரித் தட்டையாகிவிடும்.

கொழும்பு பூமத்திய ரேகைக்கு ஏழு பாகைதான் வடக்கே. ஏப்ரல் முதல் கிழமையளவில் சூரியன் நேர் உச்சிக்கே வரும், மற்ற மாதங்களிலும் நண்பகலில் உயரத்தில்தான் நிற்கும். மேலிருந்து விழும் வெயிலுக்குப் புருவம் குடை பிடிக்கிறது, அந்தக் குடையின் நிழல்தான் உங்கள் குழி. அந்த நேரத்தில் கெமராவைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

வெள்ளவத்தை என்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காலி வீதி. கடல் பக்க ஜன்னலுக்குக் காலையில் வெயில் வராது, வெள்ளை வேட்டி விரித்த மாதிரி வானத்தின் வெளிச்சம் மட்டும் வரும். பின்னேரம் காலி வீதிப் பக்கத்துக்கு மாறுங்கள். ஜன்னல் அம்மம்மாவின் ஒரு தோளுக்கு நேரே இருக்கட்டும். மறு கன்னம் இருண்டால், பிரிட்ஜ் பெட்டிக்குள் வருமே ரிஜிபோம், அதை அந்தப் பக்கம் பிடியுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை பிரிஸ்டல் போட். கிட்டே கொண்டுபோகப் போக இருட்டுக்குள் இருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். நிறமுள்ள எதுவும் வேண்டாம். ஒருமுறை மஞ்சள் பூசிய அறையில் மணமகளைச் சுவரோடு இருத்தி எடுத்தேன். பெண்ணுக்குக் காமாலை என்று மாமியார் சொல்லாத குறை.

ரியூப் லைட் கதை வேறு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பழைய ரியூப் செக்கனுக்கு நூறு தடவை மங்கி எழும்பும். 1/250 வைத்தால் அந்தத் துடிப்பின் முழுச் சுற்று படத்தில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது, அதுதான் பட்டை. 1/100 அல்லது 1/50 வைத்து, முழங்கையைக் கதவு நிலையில் ஊன்றுங்கள். பகலில் லைட்டையே அணைத்துவிடுவது இன்னும் நல்லது. ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் பச்சை என்று வராது.

புறக்கோட்டையில் திரிபவன்:
அண்ணன் சாப்பிடப் போகட்டும், நான் வரவில்லை. குறுக்குத் தெருக்களில் கடைக்காரர் கட்டும் படங்குக்குக் கீழே நண்பகலில்தான் வெளிச்சம் பஞ்சு மாதிரி இறங்கும். நீலப் படங்கு மட்டும் ஆகாது, ஆளே நீலம் பாரித்துப்போவார். மொட்டைமாடியில் அம்மம்மாவின் தலைக்கு மேலே இரண்டு கொடியில் ஒரு வெள்ளை பெட்சீட்டை விரித்துப் பாருங்கள்.

ஓரத்தில் வைத்தது பிழையில்லை. அவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள். இடம் முதுகுப் பக்கம் கிடந்தால்தான் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். பட்டனை அமத்த முன் நாலு ஓரத்தையும் கண்ணால் ஒருமுறை சுற்றுங்கள். தலையில் இருந்து கலண்டர் முளைக்கிறதா? அரை அடி நகர்ந்தால் போய்விடும்.

சிவப்புப் பள்ளிவாசலுக்கு முன்னால் ஆறு மாதம் மினாராக்களை மட்டும் எடுத்து எனக்கே அலுத்துவிட்டது. பிறகு ஒருநாள் எதிர்க் கடைப் படியில் நின்று, அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடுகளுக்குக் குறுக்கே மூட்டையோடு ஒரு நாட்டாமி வரும்வரை காத்திருந்தேன். நாற்பது நிமிடம். சுவரில் இன்னும் வைத்திருப்பது அந்த ஒரு படத்தைத்தான்.

லயனல் வெண்ட் எடுத்த படங்களையும் பாருங்கள். 1944இல் காலமான கொழும்புக்காரர், கொழும்பு ஏழில் நாடகம் பார்க்கப் போகிறோமே, அந்த அரங்குக்கு அவர் பெயர்தான். எல்லாம் கறுப்பு வெள்ளை. வெளிச்சம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காட்டலாம்.

வெள்ளவத்தைப் பிள்ளை:
இன்று காலை எட்டு மணி, கடல் பக்க ஜன்னல். ரிஜிபோம் கிடைக்கவில்லை, தம்பியின் பிரிஸ்டல் போட்டைக் கதிரையில் சாத்தி வைத்தேன். அம்மம்மா முருங்கையிலை உருவிக்கொண்டே, "லைட்டை நூத்துப்போட்டு என்னத்தையடி படம் எடுக்கிறாய்?" என்றார். கண்ணாடியைக் கழற்றி எடுத்த படத்தில் கண்மணிக்குள் எங்கள் ஜன்னல் தெரிகிறது, கம்பி மூன்றும் எண்ணலாம்! கண்ணாடி போட்டால் மட்டும் ஒரு கண் வெள்ளைத் தகடு. இனிக் கழற்ற மாட்டாராம், இலையில் புழு தெரியாதாம்.

கொட்டாஞ்சேனைக் கெமராக்காரன்:
புழு விஷயத்தில் அவர் சொல்வது சரி. கண்ணாடிக் காம்பைக் காதில் இருந்து அரை விரல் தூக்கிவிடுங்கள், வில்லை கொஞ்சம் கீழே சாயும். அப்படியும் மினுங்கினால் முகத்தை ஜன்னலில் இருந்து துளி திருப்பச் சொல்லுங்கள். இலை உருவும் கையைத் தனியாக எடுத்தீர்களா?