மறு: ஸ்ட்ரீமிங், காஸ்ட், மிரரிங் – எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதாது

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்ட்ரீமிங்குக்கு, அதாவது இணையத்திலிருந்து படம் வர வர அப்போதே பார்ப்பதற்கு, தமிழில் ஓடையா தாரையா என்ற இடத்திலேயே நான்கு நாளாக நம் உரையாடல் நிற்கிறது. என் வாக்கு ஓடைக்குத்தான், காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆனால் அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரீமிங் என்ற ஒரே பெயரில் கடைக்காரர் மூன்று வேறு வேறு வேலைகளை விற்கிறார், நாமும் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் நடந்தது இது. மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் அத்தைக்குப் பழைய டிவி, படமும் ஒலியும் வாங்கும் எச்டிஎம்ஐ துளை மட்டும் உண்டு. போனில் பார்க்கும் தொடரைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்றார். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், "மொபைல்ல வர்றது டிவில தெரியணும்" என்று கேட்டேன், டிவியில் செருகும் ஒரு சிறு கருவியை (டாங்கிள்) எடுத்துக் கொடுத்தார்கள். ஸ்ட்ரீமிங் வருமா என்றதற்கு, "எல்லாம் வரும் சார்" என்றார்கள். மாட்டிப் பார்த்தால் அது மிரரிங் மட்டும் செய்கிற சாதனம். போன் திரையில் என்ன தெரிகிறதோ அதை அப்படியே டிவிக்குக் கடத்தும், அவ்வளவுதான். சாயங்காலம் தொடர் ஓடும்போது ஊரிலிருந்து போன் வந்தது, தொடர் நின்று, கூப்பிட்டவர் பெயர் டிவி முழுக்கத் தெரிந்தது. சார்ஜரிலேயே கிடந்த போன் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. ஒரு ஆப்பில் படம் கறுப்பாகிக் குரல் மட்டும் வந்தது, ஏனென்றால் சில ஓடிடி ஆப்கள் திரையை நகலெடுக்க விடாது. "இதுக்கு நான் போன்லயே பாத்துக்கறேன்டா" என்று சொல்லிவிட்டார் அத்தை.

அன்றைக்கு என்னிடம் சரியான சொல் இல்லை. எனக்கே வித்தியாசம் அரைகுறையாகத்தான் தெரியும், தெரிந்ததைத் தமிழில் கேட்கவும் முடியவில்லை. கருவி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, படத்தை இணையத்திலிருந்து எடுத்து வருவது யார் என்பதுதான். நாம் வைக்கிற சொல் அதைச் சொல்ல வேண்டும்.

முதலில் ஓடை. தாரை காதுக்கு இனிமையான சொல்தான், ஆனால் இன்றைக்கு ‘தாரை வார்த்தல்’ என்றால் சும்மா தூக்கிக் கொடுப்பது. ‘ஓடு’ என்ற வேர் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ஆறு ஓடுகிறது, படமும் ஓடுகிறது. "டிவி ஓடிட்டே இருக்கு, யாரும் பாக்கல" என்று சொல்லாத வீடு உண்டா? ஓடைபரப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார், அதில் ‘பரப்பு’ வேண்டாம் என்பேன். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது கோபுரம் ஒருமுறை அனுப்பியதை ஊரே வாங்கிக்கொண்டது, அதுதான் பரப்பு. ஓடையில், கேட்கிற ஒவ்வொருவருக்கும் வழங்கி (சர்வர்) தனித்தனியாக அனுப்புகிறது. ஆகவே வெறும் ஓடை, கருவிக்கு ஓடைப்பெட்டி. குச்சி வடிவில் இருந்தால் ஓடைக்குச்சி. இவை தாமே இணையத்துக்குப் போய்த் தாமே படத்தை எடுத்து வருபவை, போனே தேவையில்லை.

அடுத்து காஸ்ட். இதில்தான் குழப்பம் அதிகம். 2013இல் டிவியில் செருகும் கூகுளின் குரோம்காஸ்ட் கருவி வந்தபோது பலரும் போன்தான் படத்தை அனுப்புகிறது என்று நினைத்தோம். யூடியூப் போன்ற ஆப்களில் அப்படி இல்லை. இந்தப் படம், இந்த இடத்திலிருந்து எடுத்துக்கொள் என்று போன் ஒரு கட்டளை தருகிறது, டிவியில் செருகிய கருவிதான் நேரே இணையத்திலிருந்து எடுக்கிறது. அப்புறம் போனை அணைத்தாலும் படம் ஓடும். இதற்கு அலைபரப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், வைஃபையில் எல்லாமே அலைதானே, அதில் என்ன தனியாகத் தெரிகிறது? வார்ப்பு என்றால் இரும்புப் பட்டறை நினைவு வருகிறது. என் பரிந்துரை ‘ஏவு’. அம்பை எய்வதும் ஏவுதல்தான், ஒரு வேலையைச் செய் என்று ஆளை அனுப்புவதும் ஏவுதல்தான். ‘பாட்டை டிவிக்கு ஏவு’ என்று சொல்லிப் பாருங்கள்.

மிரரிங்குக்குத் திரைநிழல். ஆள் போனால் நிழலும் போய்விடும், போன் அணைந்தால் டிவியும் இருண்டுவிடும். பழந்தமிழில் நிழலுக்குக் கண்ணாடியில் தெரியும் உருவம் என்ற பொருளும் உண்டு. 2012இல் வந்த மிராகாஸ்ட், பெயரில் காஸ்ட் என்று இருந்தாலும் வேலையில் திரைநிழல்தான். நான் ஏமாந்ததும் இந்த மாதிரிப் பெயர்க் குழப்பத்தால்தான்.

வரும் படத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடமான பஃபருக்கு இடையகம் என்று எழுதி வருகிறோம், தவறில்லை. ஆனால் சென்னைக்காரருக்குத் ‘தொட்டி’ என்றால் ஒரே சொல்லில் புரியும். 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள், கருவி ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மோட்டார் நின்ற பிறகும் குழாயில் தண்ணீர் வருவது மொட்டைமாடித் தொட்டியால்தானே, இதுவும் அப்படித்தான். திரையில் வட்டம் சுற்றினால் தொட்டி காலி, நிரம்புகிறது என்று அர்த்தம்.

வீட்டிலேயே ஒரு கணினியில் படங்களைச் சேர்த்து அவற்றை மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளைப் போட்டு அறை அறையாகப் பார்ப்பவர்களுக்கு ‘வீட்டு வழங்கி’ போதும், புதுச்சொல் தேவையில்லை.

அன்புடன்,
சென்னையிலிருந்து

---

இதைப் படித்த நண்பர் ஒருவர் கேட்டது:

> ஏவு நல்ல சொல்தான். ஆனால் ஏவல் என்றால் பில்லி, சூனியம் என்றல்லவா எங்கள் ஊரில் நினைப்பார்கள்?

உண்மைதான் ஐயா, எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். அதனால்தான் ‘ஏவல்’ என்ற பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு ஏவு, ஏவுதல் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். ஏவுகணை, ஏவுதளம் எல்லாம் தினம் செய்தித்தாளில் வருகின்றன, குலசேகரப்பட்டினம் ஏவுதளம் என்று படிக்கும்போது யாருக்கும் சூனியம் நினைவுக்கு வருவதில்லையே.

அத்தைக்கு இப்போது ஓடைக்குச்சி வாங்கிக் கொடுத்துவிட்டேன். மாலையில் பாட்டு மட்டும் போனில் தேடி டிவிக்கு ஏவிக்கொள்கிறார். பட்டனுக்குப் பெயர் ‘ஏவு’ என்று ஒருமுறைதான் சொன்னேன், மறுநாள் போனில் "ஏவினேன், ஆனா சத்தம் வரலடா" என்றார். டிவி மியூட்டில் இருந்தது.

திரைநிழலைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். ‘திரையாடி’ என்று ஒன்றும் மனதில் ஓடுகிறது, ஆடி என்றால் கண்ணாடி. ஆனால் ஆடி என்றால் மாதம்தான் முதலில் வந்து நிற்கிறது.