ஹார்னி மாட்டுக்காரர்களும் அந்த 1.35 டாலரும்

நாணல்:
"அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஹார்னி கவுண்டி (மாவட்டம்) மாட்டுக்காரர்கள் அரசாங்கத்திடம் ஒரு சென்ட்கூட வாங்காத தன்மானக்காரர்கள்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் டீ புரையேறிவிட்டது. அங்கே நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மத்திய அரசுடையது. அந்த நிலத்தில் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை கட்டணம் 1.35 டாலர். மேற்கு மாநிலங்களில் தனியார் நிலத்தில் சராசரி 20 டாலருக்கு மேல். இதுதான் தன்மானமா?

முள்வேலி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். 1.35 என்பது அவர்கள் அரசுக்குக் கட்டுவது. கட்டுவதை வாங்குவது என்கிற கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்?

நாணல்:
20 டாலர் பண்டத்தை 1.35க்குக் கொடுத்தால் மிச்சம் எங்கே போகிறது? ரேஷன் கடை தெரிந்த தமிழனுக்கு இது புரியாதா?

முள்வேலி:
தனியார் நிலத்தில் வேலியும் தண்ணீரும் வழக்கமாக நிலக்காரன் பொறுப்பு. அரசு நிலத்தில் பெரும்பாலும் மாட்டுக்காரன் தலையில்தான். போன கோடையில் ஒரு நண்பருக்காக இரண்டு நாள் கம்பி இழுத்தேன். எல்க் மான் கூட்டம் மிதித்து நாலு வரி முள்கம்பியும் தரையில் கிடந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் டேங்கர் ஓட்டினோம். கையில் கீறல் இன்னும் இருக்கிறது. அந்தக் கூலியையும் 1.35இல் சேருங்கள்.

கிழக்குவாசல்:
நாணல் போன இழையில் இவர்களைப் "பண்ணையார்கள்" என்று எழுதியது விஷமம். பண்ணையார் என்றால் நமக்கு வேறு முகம் நினைவுக்கு வரும்.

நாணல்:
ஆயிரம் மாடு வைத்திருப்பவரை மாடு மேய்க்கும் தம்பி என்றா எழுதுவது? பண்ணையார்தான். சரி, வேலி கதை கேட்டாயிற்று. வறட்சி நிவாரணத்தைப் பற்றி ஏன் மூச்சே இல்லை? 2014 வேளாண் சட்டத்தில் அதை நிரந்தரமாக்கினார்கள். கடும் வறட்சி 8 வாரம் நீடித்தால் ஒரு மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம் அரசு தரும். 2025இல் அந்த 8 வாரத்தையும் 4 வாரமாகக் குறைத்துவிட்டார்கள். ஆளுக்கு ஆண்டு உச்சவரம்பு 1,25,000 டாலர். 1.35 கட்டின அரசு நிலத்தில் புல் காய்ந்தாலும் இது உண்டு!

முள்வேலி:
நிவாரணம் மானியம் ஆகாது. புயலுக்குப் பணம் வாங்கினவனையும் பிச்சைக்காரன் என்பீர்களா?

நாணல்:
நான் பிச்சை என்று எங்கே எழுதினேன்? "ஒரு சென்ட்கூட" என்று எழுதியது நீங்கள்.

சுண்டல்:
1.35க்கு எங்கள் ஊரில் காபிகூடக் கிடைக்காது. நான் மாடாகப் பிறந்திருக்கலாம்.

நாணல்:
2016 ஜனவரியில் அதே கவுண்டியில் ஒரு கூட்டம் துப்பாக்கியோடு மல்ஹூர் வனவிலங்குச் சரணாலயத்தில் புகுந்து 41 நாள் உட்கார்ந்தார்களே, "மத்திய அரசே நிலத்தை விடு" என்று! விட்டால் 1.35க்கு யார் மேய்க்க விடுவார்கள்?

முள்வேலி:
அதை நடத்தியவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூரில் பலர் "கிளம்புங்கள்" என்று சொன்னார்கள். அதை ஏன் மறைக்கிறீர்கள்? ஏக்கரையும் ஹெக்டேரையும் குழப்பிவிட்டு, காட்டுத்தீ இழையில் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத ஆள்தானே நீங்கள்.

நாணல்:
அது தட்டச்சுப் பிழை! மூன்று வருடமாக இதையே சொல்கிறீர்கள்.

கிழக்குவாசல்:
பண்ணையார் என்ற சொல்லுக்கு இன்னும் பதில் வரவில்லை.

முள்வேலி:
கட்டணச் சூத்திரம் 1978 சட்டத்தில் வந்தது. மாட்டு விலையும் செலவும் பார்த்துதான் போடுகிறார்கள். யாரும் சும்மா தரவில்லை.

நாணல்:
சூத்திரம் எங்கே போனாலும் 1.35க்குக் கீழே இறங்கக்கூடாது என்று 1986இல் அதிபர் ரீகன் ஆணை போட வேண்டியிருந்தது. பல வருடம் அந்த அடிமட்டத்திலேயே படுத்துக் கிடந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய விலை ஐயா! 1.35!

முள்வேலி:
கட்டுவது. வாங்குவது அல்ல. தூங்கப் போகிறேன்.

நாணல்:
போங்கள். காலையில் வந்து நிவாரணத்துக்குப் பதில் சொல்லுங்கள்.