எம்2 மேக்ல பேஜ்மேக்கர் ஓட்டுறவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம். திருவல்லிக்கேணியில சின்னதா டிடிபி கடை வெச்சிருக்கேன். முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைதான். பழைய விண்டோஸ் பிசி போன வாரம் மண்டையைப் போட்டுடுச்சு. ஹார்ட் டிஸ்க் தப்பிச்சது புண்ணியம். மாப்பிள்ளை தன்னோட எம்2 மேக்புக் ஏரைக் கொடுத்து, "இதுல பாருங்க மாமா"ன்னுட்டார்.

என் ஃபைல் எல்லாம் பேஜ்மேக்கர் 7 (பக்கம் வடிவமைக்குற பழைய மென்பொருள்). 1985-ல பேஜ்மேக்கர் முதல்ல வந்ததே மேக்குக்குத்தான், இப்ப மேக்லயே திறக்க மாட்டேங்குது! பழைய மேட்டரை காப்பி பண்ணி வேற இடத்துல ஒட்டினா 'திருவளர்ச்செல்வி' வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வருது. யூனிகோடு இல்லாத ஃபான்ட், வேறென்ன.

பூட்கேம்ப் (மேக்ல நேரா விண்டோஸ் ஏத்துற வசதி) போடலாம்னு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒருத்தர் சொன்னார். அது இன்டெல் சிப் இருக்குற பழைய மேக்குக்கு மட்டும்தானே? பேரலல்ஸ்ல (மேக்குக்குள்ளயே விண்டோஸ் ஓட்டுற மென்பொருள்) விண்டோஸ் 11 ஆர்ம், அதாவது எம்2 மாதிரி ஆர்ம் வகை சிப்புக்கான விண்டோஸ், போடலாம்னு இருக்கேன். ஆனா ஃபான்ட் மென்பொருளுக்கு ஒரு யூஎஸ்பி லாக் (சொருகினாத்தான் மென்பொருள் ஓடும்) இருக்கு. அதோட டிரைவரை ஆர்முக்குன்னே தனியா எழுதியிருக்கணுமாம்.

அப்படி லாக் போட்டு ஓட்டினவங்க சொல்லுங்க. 8 ஜிபி ரேம் தாங்குமா? இல்ல, பேசாம செகண்ட் ஹேண்ட் பிசி ஒண்ணு வாங்கிடவா? வைகாசி முகூர்த்தத்துக்கு நாலு பத்திரிகை பாக்கி நிக்குது.